பயண இலக்கியமும் பக்கத்து ஆசனமும்

தமிழிலே பயணக் கட்டுரை இன்று பெருகிவருகின்றது. ஒரு காலத்தில் மேனாடுகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் கப்பலிலே வசதியான அறையில் சென்று திரும்பியோராகவோ, அரசாங்கங்களின் விருந்தினராகவோ இருந்தனர். இப்பொழுது வேறொரு வகை தலையெடுத்துள்ளது. முதுகிலே ஒரு பை, கையிலே எண்ணிச் செலவிடும் பணம், துணைக்கு எவருமில்லை. பாரிஸிலிருந்து பிரசெல்ஸ், அங்கிருந்து அம்ஸ்ரர்டாம், பின் பேர்லின், பிராக், வியன்னா என்று நகரம் நகரமாகப் பஸ்ஸிலேயே சென்று வந்தவர் எழுதும் கட்டுரை இது. எமது உயர்வகுப்பு மாணவர் இவற்றை ஆவலுடன் படிக்கின்றனர். பாடசாலை நூலகத்திலே கைபட்டுக் கிழிந்துபோகும் நூல்களுள் இவையும் அடங்கும். இலக்கண நூல்களுக்கு அப்பேறு இல்லை. ஆதலால் இவற்றைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிட ஆசிரியராயுள்ள எம்மால் இயலாது.

பயணத்தை நாம் பழிக்க வரவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த ஐரோப்பியச் சுற்றுலா எழுதுவினைஞருக்கும் மாணவருக்கும் ஓரளவேனும் எட்டியிருப்பது நல்லதே. இக்கட்டுரைகள் தரும் சிக்கன உபாயங்களையும் நாம் எள்ளவில்லை. இரவுப் பஸ்ஸிலே உறங்கினால் ஒரு நாள் அறைவாடகை மிஞ்சும். கடையிலே ரொட்டியும் பாற்கட்டியும் வாங்கிப் பூங்காவில் இருந்து உண்ணலாம். லண்டனிலுள்ள பிரித்தானிய அரும்பொருட்சாலையின் நிரந்தரக் காட்சிகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். இவையெல்லாம் பயனுள்ள செய்திகள். எமது குறை வேறு. இவ்வாசிரியர்கள் எழுதுவது ஒரு பக்கக் கணக்கு. தாம் எவ்வளவு குறைவாகக் கொடுத்தோம் என்பதைச் சதம் சதமாக எழுதுகின்றனர். அந்தக் குறைவை ஈடுசெய்தவர் எவர் என்பதை எழுதுவதில்லை. 'மலிவு', 'சுதந்திரம்' என்னும் இரண்டு சொற்களைத் தாங்கி நிற்கும் இவ்விலக்கியம் அவ்விரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை.

இவ்வகைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கரான ஆர்தர் புரொம்மர். ஜேர்மனியிலே படைச்சேவையில் இருந்தபோது சக படைவீரர்க்கென ஒரு கையேட்டை 1955 இல் வெளியிட்டவர், 1957 இலே 'நாளொன்றுக்கு ஐந்து டொலரில் ஐரோப்பா' எனப் பொருள்படும் தலைப்பிலே பெயர்பெற்ற நூலை எழுதினார். 2024 இல் அவர் காலமானார். இலக்கியம் என்று அவரே உரிமை கோராத நூல் அது. ஆயினும் அதன் தலைப்பிலே ஒரு நேர்மை உண்டு. யுத்தத்தால் நொறுங்கிய ஐரோப்பாவிலே டொலரின் கை ஓங்கியிருந்தமையாலேதான் ஐந்து டொலர் அவ்வளவு தூரம் சென்றது. நாணயத்தின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார் புரொம்மர். இன்றைய கட்டுரையாளர் தமது சிக்கனத்தைத் தமது சாமர்த்தியமென்றே எண்ணுகின்றனர்.

மலிவான பயணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது வியாபாரிகள் மாத்திரம் எழுதிய வரலாறன்று. பயணிகள் தங்கும் இளைஞர் விடுதியை எடுத்துக்கொள்வோம். அதன் மூலவர் ரிச்சார்ட் ஷிர்மான் என்னும் ஜேர்மன் பாடசாலை ஆசிரியர். 1909 இலே மாணவருடன் நடைப்பயணம் சென்றபோது இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமப் பாடசாலையிலே இரவைக் கழித்தார். விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் வகுப்பறைகள் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தங்குமிடமாகலாகாதா என்ற எண்ணம் அவருக்கு அங்கே எழுந்தது. அல்தெனா நகரின் பழங்கோட்டையிலே முதல் நிரந்தர விடுதி அமைந்தது. வியன்னாவிலே 1895 இல், கியோர்க் ஷ்மீடல் என்னும் இன்னோர் ஆசிரியர் சோஷலிஸ்டுகளின் பத்திரிகையில் விளம்பரமிட்டு ஆட்சேர்த்ததன் பயனாக 'இயற்கை நண்பர்' என்னும் தொழிலாளர் பயண இயக்கம் பிறந்தது. பிரான்சிலே 1936 ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களின் பின், மக்கள் முன்னணி அரசாங்கம் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. லெயோ லக்ராஞ்ச் என்னும் துணையமைச்சர் தொழிலாளருக்குப் புகையிரதக் கட்டணத்தில் 40 சதவீதக் கழிவைப் பெற்றுக்கொடுத்தார். முதன்முதலாகக் கடலைக் கண்ட குடும்பங்கள் பல. கூட்டாகப் போராடிப் பெற்ற ஓய்வின் மேலேதான் இன்றைய தனிப் பயணி படுத்துறங்குகிறார். இதைத் தனிப் பயணி அறிந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையா?

இனிப் பஸ்ஸுக்கு வருவோம். ஜேர்மனியிலே புகையிரதத்துடன் போட்டியிடும் தூரப் பஸ் சேவைகளை 1930களிலிருந்தே சட்டம் தடுத்து வந்தது. நாடு பிரிந்திருந்த காலத்தில் மேற்கு பேர்லினுக்கான சேவைகள் விலக்குப் பெற்றன. அத்தடை 2013 ஜனவரியிலே நீங்கியது. 2011 இல் மூனிச் நகரிலே தோன்றிய பிளிக்ஸ்பஸ் நிறுவனம் அதே ஆண்டு சேவையைத் தொடங்கி, 2015 இல் தன் பெரும் போட்டியாளருடன் இணைந்து, 2019 இல் யூரோலைன்ஸையும் 2021 இல் அமெரிக்காவின் கிரேஹவுண்டையும் வாங்கியது. கவனிக்கவேண்டியது அதன் அமைப்பு. பச்சை வர்ணம் பூசிய அவ்வண்டிகளுள் மிகப் பெரும்பாலானவை அந்நிறுவனத்துக்குச் சொந்தமானவையல்ல. வழியையும் நேரத்தையும் கட்டணத்தையும் நிறுவனம் தீர்மானிக்கும். வண்டியை வாங்குவோரும் சாரதிக்குச் சம்பளம் கொடுப்போரும் ஆங்காங்கேயுள்ள சிறு பஸ் முதலாளிமார். சீட்டு மலிவாகும்போது நெருக்குதல் எத்திசையில் இறங்கும் என்பதை விளக்கப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை.

பிரான்சு 2015 இலே இதே கதவைத் திறந்தது. அதற்கு முந்திய ஆண்டு, அப்போது பொருளாதார அமைச்சராயிருந்த மக்ரோன், ஏழைகள் இதனால் இலகுவாகப் பயணஞ் செய்வர் என்ற கருத்துப்படப் பேசி ஏளனத்துக்கு ஆளானார். 1936 இலே புகையிரதத்தை ஏழைக்கு மலிவாக்கிய அரசு, 2015 இலே ஏழைக்குப் புகையிரதத்தைவிட மெதுவான வேறொரு வண்டியைக் காட்டியது. இரண்டும் மலிவுதான்.

பஸ் நள்ளிரவிலே நெடுஞ்சாலை ஓரத்தில் 45 நிமிடம் நின்றுவிட்டது என்று பயணக் கட்டுரைகளில் ஒரு முறைப்பாடு அடிக்கடி வரும். காரணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டு விதி. நான்கரை மணிநேரம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். ஒரு நாளில் ஓட்டக்கூடியது பொதுவாக ஒன்பது மணிநேரம். தொழிலாளி ஒருவரின் உடலைக் காக்கும் சட்டத்தைப் பயணி தன் தாமதமாக மட்டுமே அனுபவிக்கிறார். எழுத்தாளர் அவ்வனுபவத்தை அப்படியே பதிவு செய்துவிடுகிறார். அந்த 45 நிமிடத்திலே கீழிறங்கிச் சாரதியுடன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் கட்டுரை வேறாகியிருக்கும்.

இவ்விடத்திலே சிறந்த எழுத்தையும் சோதித்துப் பார்த்தல் தகும். மட்டமானவற்றைக் குறைகூறுவது எளிது. பற்றிக் லீ பேர்மர் 1933 டிசம்பரிலே, பதினெட்டு வயதில், ஒல்லாந்துக் கரையிலிருந்து கொன்ஸ்தாந்திநோப்பிள் நோக்கித் தனியே நடந்தார். கைச்செலவு கிழமைக்கு ஏறக்குறைய ஒரு பவுண். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1977 இல், அப்பயணத்தின் முதற்பகுதியைக் 'கொடைகளின் காலம்' எனப் பெயர்ப்பிக்கத்தக்க நூலாக்கினார். ஆங்கில வசனத்தின் செழுமைக்கு அந்நூல் ஒரு சான்று; அதை மறுப்பவர் வசனம் அறியாதவர். வைக்கோற் பட்டடையிலும் தூங்கினார், பின்னர் பிரபுக்களின் மாளிகைகளிலும் தூங்கினார். அறிமுகக் கடிதங்கள் அவரை மாளிகையிலிருந்து மாளிகைக்கு அனுப்பின. அவ்வளவு குறைந்த செலவு அவருக்கு இயன்றமைக்கு அக்கடிதங்களும் ஒரு காரணம்.

அந்நூலிலே ஓர் இரவு வருகின்றது. ரைன் பிரதேசத்திலே தொழிலாளர் குடிக்கும் கடையொன்றில் ஓர் இளந்தொழிலாளி அவருக்குத் தன் அறையிலே இடங்கொடுக்கிறான். அறை முழுவதும் நாஜிக் கொடிகளும் படங்களும். ஓராண்டுக்கு முன் வந்திருந்தால் இதே சுவர்களிலே செங்கொடிகளைக் கண்டிருப்பாய் என்று அவன் சிரித்துக்கொண்டு சொல்கிறான். தோழர் பலரும் அவ்வாறே மாறிவிட்டனர். அந்த நூற்றாண்டின் பெரும் விபத்து ஒரு சிறு மாடியறையிலே வாய்திறந்து பேசும் கட்டம் இது. நூல் முழுவதிலும் எம்மை அதிகம் உறையச் செய்தவை இப்பக்கங்களே. ஆனால் பேர்மர் காலையிலே எழுந்து நடந்துவிடுகிறார். ஒரு மாதா கோயிலின் வளைவுகளுக்குப் பக்கம் பக்கமாக இடமளித்தவர், ஓராண்டிலே ஒருவனைக் கொடி மாற்றச் செய்தது எது என்ற கேள்விக்கு அவ்வளவு இடமளிக்கவில்லை. ஷிர்மான் வளர்த்த விடுதிகள் ஹிட்லரின் இளைஞர் அணியிடம் போய்ச்சேர்ந்ததும் அதே 1933 இலேதான். மறுநாள் போய்விடுவது தனிப் பயணியின் உரிமை. அது அவருடைய பார்வையின் எல்லையாகவும் ஆகிவிடுகின்றது.

அதே 1933 இல் வெளிவந்த நூலிலே ஜோர்ஜ் ஓர்வெல் பாரிஸ் ஹோட்டலின் பின்கட்டிலே பாத்திரம் கழுவியவர்களுள் ஒருவராக நின்று எழுதினார். அவர் வேண்டும்போது வெளியேறக்கூடியவர் என்பது உண்மையே. எனினும் மலிவான உணவுத் தட்டைப் பின்பக்கத்திலிருந்து காட்டினார்.

ஆனால் இத்துறையிலே எமது உள்ளத்துக்கு நெருக்கமானது ஜோன் பேர்கரின் 'ஏழாவது மனிதன்'. பேர்கர் 1972 இலே புக்கர் பரிசு பெற்றபோது பாதிப் பணத்தைப் பிரித்தானியக் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்துக்குக் கொடுத்து, மறுபாதியைப் புலம்பெயர் தொழிலாளர் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்கினார். ஜீன் மோரின் புகைப்படங்களுடன் 1975 இலே வெளியான அந்நூல் அவ்வாய்வின் பயன். ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் உடலுழைப்புத் தொழிலாளர் எழுவருள் ஒருவர் வெளியிலிருந்து வந்தவர் என்பதே தலைப்பின் பொருள். அக்காலத்திலே மேற்கு ஜேர்மனி இத்தாலியுடன் 1955 இலும், ஸ்பெயின், கிரேக்கத்துடன் 1960 இலும், துருக்கியுடன் 1961 இலும் ஒப்பந்தஞ் செய்து ஆட்களை வரவழைத்திருந்தது. ஐரோப்பாவைக் குறுக்கறுத்துச் செல்லும் மலிவான நெடும்பயணத்தின் மூத்த பயணிகள் இவர்களே. முதுகுப்பை பின்னால் வந்தது.

போர்த்துக்கல்லிலிருந்து களவாக எல்லை கடந்தோர் பற்றிப் பேர்கர் கூறும் செய்தி ஒன்றுண்டு. புறப்படுமுன் தன்னைப் படம் பிடித்து, படத்தை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை வழிகாட்டியிடம் கொடுப்பான், மறுபாதி தன்னிடம். பிரான்சு போய்ச்சேர்ந்ததும் தன் பாதியை வீட்டுக்கு அனுப்புவான். வழிகாட்டி தன் பாதியுடன் வந்து பொருத்திக் காட்டினாற்றான் குடும்பம் பணங்கொடுக்கும். இன்றைய பயணி எடுக்கும் நூறு படங்களையும் இந்த அரைப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பேர்கர் இதை உருக்கமாக வருணிக்கவில்லை. பயணக்கூலி கொடுக்கப்படும் முறையாகச் சொல்லி நகர்கிறார். அதனாலேயே அது மறப்பதற்கில்லை.

இன்றும் அதே பாதைகளிலே ருமேனியர், பல்கேரியர், உக்ரேனியர் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே பஸ்ஸிலே செல்கின்றனர். இத்தாலிய வீடுகளிலே முதியோரைப் பராமரிக்கும் பெண்கள் இவர்களுள் உளர். பயணக் கட்டுரையிலே இவர்கள் குறட்டை விடுபவராகவோ, பெரிய பொதி கொண்டுவந்தவராகவோ இரண்டு வரிக்குத் தோன்றி மறைவர். பொதியிலே என்ன இருந்தது என்று கேட்ட கட்டுரையை நாம் இன்னும் படிக்கவில்லை.

'சுதந்திரம்' என்பதைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பஸ் நிலையத்திலே நின்று, அடுத்து எங்கே செல்வது என்று அந்தக் கணத்திலே தீர்மானித்த இன்பத்தை இக்கட்டுரைகள் விதந்து பேசும். அவ்வின்பம் கடவுச்சீட்டைப் பொறுத்தது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் செங்கன் நாடுகளுக்கு விசா கோருபவர் எங்கே, எத்தனை நாள், எந்த அறையில் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். வங்கிக் கணக்கைக் காட்டவேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். 2024 ஜூனிலே 90 யூரோவாக உயர்த்தப்பட்ட கட்டணத்தைச் செலுத்தவேண்டும், விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. எமது மாணவன் அக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தனக்குத் துணிவில்லை என்று எண்ணுகிறான், குறைவது துணிவன்று. ஜேர்மனி 2024 செப்டெம்பரிலே தன் தரையெல்லைகள் அனைத்திலும் சோதனையைத் தொடங்கியபோது, நள்ளிரவுப் பஸ்ஸிலே பொலிசார் ஏறினால் எவர் கண்விழித்துப் பத்திரத்தைத் தேடுவார், எவர் மீண்டும் உறங்குவார் என்பது நிறத்தாலும் அட்டையாலும் அறியக்கூடிய விஷயமாயிற்று.

எம்மவரும் ஐரோப்பிய நகரங்களைத் தனியாகவும் குறைந்த செலவிலும் கடந்துள்ளனர். 1983 இன் பின், கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்திலே இறங்கி, நகரப் புகையிரதத்திலே மேற்கு பேர்லினுக்குள் சென்ற இளைஞர் பலர். 1986 இல் அவ்வழி அடைக்கப்பட்டது. அவர்கள் எழுதிய முதற் பயண நூல் எது? புகலிட மனுவே என்று சொல்லத் தோன்றுகின்றது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் பிரான்சிலே புகலிடம் கோரும் ஒரு மனுவுடன் தொடங்குவது வெறும் உத்தியன்று. ஊர், நாள், வழி, பிடிபட்ட இடம், விடுபட்ட இடம் எல்லாம் வரிசையாக அதிலே வரவேண்டும், அதிகாரி நம்பவேண்டும். பேர்லினுக்குப் போன நாளையும் பிராகுக்குப் போன நாளையும் மாற்றி எழுதிய பயணி அடுத்த பதிப்பிலே திருத்திக்கொள்வார். மனுதாரர் முதல் விசாரணையிலே சொன்ன நாளும் இரண்டாவதிலே சொன்ன நாளும் வேறுபட்டால், அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம். பயண இலக்கியம் என்ற பாடத்தை உயர்வகுப்பிலே எடுப்போர், வழக்கமான கட்டுரைகளுடன் அந்நாவலின் முதற் பக்கங்களையும் ஒருமுறை வாசித்துக்காட்டலாம்.