கேப் போடாத வேர் சிகிச்சை

நஞ்சன்கூடு, சாமராஜநகர் பக்கத்திலிருந்து பல்வலியோடு மைசூருவுக்கு வருகிறவர்களுக்கு, வேர் சிகிச்சை செய்து பல்லைப் பிடுங்காமலே காப்பாற்றலாம் என்பது பெரிய ஆறுதல். 1986-இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். கல்லூரி, பாரூக்கியா கல்லூரி என்று இங்கே பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் காப்பாற்றிய பல் நிலைப்பது வேரை நிரப்புவதோடு முடிகிற காரியமல்ல.

வேரை நிரப்பும் பொருள்கள் நல்லவைதான். ஊசிபோல் மெலிந்த இளஞ்சிவப்புக் குச்சி, கட்டா பெர்ச்சா. மலாய் மரத்துப் பால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. உடம்பு அதை ஏற்றுக்கொள்கிறது. தேவைப்பட்டால் உருக்கி எடுத்துவிடலாம். குறை ஒன்றுதான்: பல்லோடு ஒட்டாது. இடுக்குகளை அடைக்க சீலர் வேண்டும். கிராம்பு மணக்கும் யூஜெனால் சீலர் மலிவு. ஆனால் மெல்லக் கரையும், மேலே வைக்கும் பல்நிற அடைப்பான காம்போசிட் இறுகுவதையும் கெடுக்கும். எப்பாக்சி பிசின் எளிதில் கரையாது. புதிதாக வந்த பயோசெராமிக் ஈரத்திலேயே இறுகும், தன் காரத்தால் கிருமியைக் கொல்லும். ஆனால் விலை அதிகம், மறுசிகிச்சையில் தோண்டி எடுப்பது பெரும்பாடு.

எந்த சீலர் சிறந்தது என்று வாதிடும் நாம் பல்லின் மேல்வாசலை மறந்துவிடுகிறோம். ரே, ட்ரோப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1995-இல் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார்கள். வேர் நிரப்பலும் மேல் அடைப்பும் நன்றாக இருந்தவற்றில் 91 சதவீதம் அழற்சியின்றி இருந்தன. வேர் நன்றாக இருந்தும் மேலடைப்பு மோசமாக இருந்தவற்றில் அது 44 சதவீதம்தான். மேலடைப்பே முதன்மை என்று அவர்கள் சொன்னதைப் பின்வந்த ஆய்வுகள் திருத்தின: இரண்டும் சமம்.

ஆனால் வலி போனதும் சிகிச்சை முடிந்ததாக நோயாளி நினைத்துவிடுகிறார். வேரை நிரப்பியதும் மேலே வைக்கிற, எச்சிலில் இறுகும் வெள்ளைத் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கானது. வெற்றிலை பாக்கு கடிக்கிற வாயில் அது தேய்ந்து, ஓரம் விட்டு, எச்சில் உள்ளே கசியும். கடைவாய்ப் பல்லே பிளந்தும் போகலாம். 2002-இல் அக்விலினோவும் காப்லனும் வெளியிட்ட ஆய்வில், பல்லின்மேல் உறையாக மாட்டும் கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு விகிதத்தில் இழக்கப்பட்டன.

எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டாம். அதிகம் சிதையாத முன்பல்லுக்குக் காம்போசிட் போதும். கடைவாய்ப் பல்லுக்கோ, அன்றே வேர்வாயைக் கண்ணாடி அயனோமரால் மூடி, கேப்புக்கும் சேர்த்தே கட்டணம் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த சீலருக்கும் கேப்புக்கும் சேர்த்துக் காசில்லாதவருக்கு, சாதாரண சீலரையும் ஒரு கேப்பையும் கொடுப்பதே நேர்மையான வைத்தியம்.