திணையும் நம்பகமும்: அறிவியல் புனைகதை, மாயக்கதை வாசிப்பில் வினைமுற்றின் பங்கு

1. முன்னுரை

தமிழில் அறிவியல் புனைகதைகளையும் மாயக்கதைகளையும் படிப்போரின் எதிர்வினைகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் இரு காரணங்களால் விளக்குவர். வாசகர்க்கு அறிவியற் பயிற்சி போதாது என்பது ஒன்று. புராண மரபில் ஊறியவராதலின் அவர் எந்திரத்தையும் மந்திரமாகவே கொள்கின்றனர் என்பது மற்றொன்று. இவ்விரு விளக்கங்களும் வாசகரின் மனப்பாங்கைப் பேசுகின்றன. அவர் படிக்கும் வாக்கியத்தைப் பேசுவதில்லை. கதையில் வரும் எந்திரம் 'உயிரோடு இருக்கிறது' என்று ஒருவர் பாராட்டுவதும், 'பொம்மையாக இருக்கிறது' என்று மற்றொருவர் ஒதுக்குவதும் கதைக்கருவால் மட்டும் விளைவன அல்ல. அவற்றுள் ஒரு பகுதி வினைமுற்றின் ஈற்றில் தொடங்குகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. இருமொழி எல்லையில் ஒரு வேறுபாடு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, கோவை மாவட்டத்தை ஒட்டிய எல்லைப்புற ஊர். 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புக்குப் பின் அது கேரளத்தில் அமைந்தது எனினும், அங்கு வீட்டிலும் சந்தையிலும் தமிழ் வழங்குகிறது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளும் இத்தகையனவே. இப்பகுதிகளில் வாழும் வாசகர் ஒரே வகைக் கதையை இரு மொழிகளில் எதிர்கொள்ளும் வாய்ப்புடையவர். ஆதலின் ஒரு மொழியில் மட்டும் படிப்போர்க்குப் புலப்படாத வேறுபாடொன்று இங்குத் தெளிவாகத் தோன்றும்.

மலையாளத்தில் 'அவன் வந்நு', 'அவள் வந்நு', 'அது வந்நு' என மூன்றிடத்தும் வினை ஒன்றே. தமிழில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' என முற்று மூன்றாகும். மலையாளத்தைத் தமிழினின்று வேறுபடுத்தும் ஆறு இயல்புகளைத் தம் கேரள பாணினீயத்தில் (1896) தொகுத்த ஏ.ஆர். ராஜராஜவர்மா, அவற்றுள் ஒன்றாக இதனைப் 'புருஷபேத நிராசம்' எனக் குறித்தார். இலக்கணியர்க்கு நெடுங்காலமாகத் தெரிந்த இச்செய்தி, கதை வாசிப்பில் விளைவிக்கும் பயன் போதிய அளவு கருதப்படவில்லை.

பாலக்காட்டு வட்டாரத்தில் வழங்கும் ஒடியன் நம்பிக்கையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரவில் காளை முதலிய விலங்குகளின் உருக்கொண்டு பகைவரை அச்சுறுத்தும் ஆற்றல் வாய்ந்த மனிதன் ஒடியன் என்பர். பாலக்காட்டின் தேன்குறிச்சியைக் களமாகக் கொண்டு 2018இல் வெளிவந்த 'ஒடியன்' என்னும் மலையாளத் திரைப்படம் இந்நம்பிக்கையைப் பரவலாக அறியச் செய்தது. இருளில் ஓர் உருவம் வருகிறது. மலையாளக் கதைசொல்லி 'வந்நு' என்கிறார். வருவது காளையா, மனிதனா என்பது கேட்போர்க்கு இன்னும் தெரியாது. அச்சம் அந்த அறியாமையில் நிலைகொள்கிறது. அதே நிகழ்வைத் தமிழில் சொல்பவர் 'வந்தது' என்றால் காளை. 'வந்தான்' என்றால் மனிதன். உருமாற்றம் நிகழும் முன்னரே வினையீறு மறையை வெளியிட்டுவிடுகிறது.

மலையாளத்திலும் அவன், அவள், அது எனச் சுட்டுப்பெயர் வேறுபாடு உண்டே எனின், உண்மையே. ஆயினும் சுட்டுப்பெயரைத் தவிர்த்துப் பெயரையே மீளக் கூறியோ, எழுவாயை விடுத்தோ அம்மொழியில் நெடுந்தொலைவு கதையை நடத்தலாம். தமிழில் எழுவாயை விடலாம். இறந்தகாலத்தில் நடக்கும் கதையில் முற்றின் ஈற்றை விடுதல் அரிது. மலையாளக் கதைசொல்லிக்கு விருப்பமாக இருக்கும் முடிவு, தமிழ்க் கதைசொல்லிக்குக் கட்டாயமாகிறது.

3. இலக்கண மரபின் முன்னறிவு

உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு உயிருள்ளன, உயிரற்றன என்னும் பாகுபாடு அன்று. தொல்காப்பியம் மக்கள் என்று கருதப்படும் பொருளையே உயர்திணை என்கிறது. தெய்வத்தையும் பேடியையும் குறிக்கும் சொற்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை; அவை உயர்திணை ஈறுகளைக் கொண்டு முடியும் என்றும் அது விதிக்கிறது. வகைமைக்குள் அடங்காத பொருள் தோன்றுமிடத்து, மொழி புதிய ஈற்றைப் படைக்காமல் உள்ள ஈற்றைக் கடனாகத் தருகிறது என்பது இதன் உட்கிடை. நன்னூலார் மக்களுடன் தேவரையும் நரகரையும் உயர்திணையிற் சேர்த்தார்.

வழக்கோ இன்னும் நெகிழ்வுடையது. 'யட்சி வந்தாள்' என்னும் நாம் 'பேய் வந்தது' என்கிறோம். யட்சிக்கு ஓர் ஆளின் முகமும் வரலாறும் உண்டு; பேய்க்கு அவை இல்லாதபோது அஃறிணை போதுமானதாகிறது. அப்பேய்க்குப் பெயரும் குறையும் வாய்த்துவிட்டால் அதே கதையில் அது 'அவள்' ஆகிவிடும்.

நன்னூல் கூறும் இரு செய்திகள் இக்காலப் புனைகதைக்கு நேரே பொருந்துவன. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகியவற்றால் திணையும் பாலும் மயங்கலாம் என்பது ஒன்று. பசுவைத் தாயாக்கிக் கூறும் எடுத்துக்காட்டு பலரும் அறிந்தது. அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் இயங்குவன போலவும் செயல் செய்வன போலவும் சொல்லலாம் என்பது மற்றொன்று. இங்குப் 'போல' என்னும் சொல்லே உயிர்நிலை. கிளியும் மேகமும் கேட்பன போலப் புனையப்பட்டன. அறிவியல் புனைகதையின் எந்திரமோ உண்மையாகவே கேட்கிறது. உண்மையாகவே விடை கூறுகிறது. 'போல' நீங்கிய இடத்தில் மரபு தந்த அமைதி முடிவுறுகிறது. வாசகரின் தயக்கம் தொடங்குகிறது.

4. தலைப்புகள் காட்டும் சான்று

இத்தயக்கத்தைத் தமிழ் எழுத்தாளர்கள் உணர்ந்தே இருந்தனர் என்பதற்குத் தலைப்புகளே சான்று. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலைப் புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கினார். முன்சொல் அஃறிணை, பின்சொல் உயர்திணை. படைத்தவன் வெறுத்தொதுக்கியதும், தன்னை மனிதனாக ஏற்குமாறு மன்றாடியதுமான உயிரின் வழக்கு முழுவதும் அத்தொகையில் அடங்கிவிடுகிறது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இன்னும் நுட்பமானது. இயந்திரம் என்னும் பெயரின் விளி 'இயந்திரமே' என்பதாகும். 'இயந்திரா' என்பதோ 'நண்பா' என்பதைப் போல, அன் ஈற்று உயர்திணைப் பெயரின் விளி. அகராதியில் இல்லாத 'இயந்திரன்' என்னும் ஆளை அத்தலைப்பு விளித்தே படைத்துவிடுகிறது. கதையின் எந்திரமாகிய ஜீனோ நாய் உருவினது. நாய்க்கு அஃறிணை முடிபு இயல்பு. அதற்குக் காட்டும் அன்புக்கு அம்முடிபு தடையும் அன்று. ஆகவே எந்திரத்துக்கு நாயுருவம் தந்தமை, கதை உத்தியாக மட்டுமன்றித் திணைச் சிக்கலுக்குத் தீர்வாகவும் அமைந்தது எனலாம். தொடர்ச்சியாக எழுதப்பட்ட நாவல் 'மீண்டும் ஜீனோ' என அவ்வெந்திரத்தின் பெயரையே தாங்கியது, வாசகரின் ஏற்பைக் காட்டுகிறது.

2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தில் அத்தீர்வுக்கு இடமில்லை. அங்கு எந்திரம் மனித உருவினது. தெலுங்கில் 'ரோபோ' எனவும் இந்தியில் 'ரோபோட்' எனவும் கடன்சொல்லே தலைப்பாயிருக்க, தமிழில் மட்டும் அன் ஈறு பெற்ற ஆண்பாற் பெயர் தலைப்பாயிற்று. எந்திரத்துக்கு உணர்ச்சி வருமா என்பதே படத்தின் வினா. தலைப்பு அவ்வினாவுக்கு முன்னதாகவே விடை கூறிவிட்டது.

5. பன்மையில் எழும் சிக்கல்

ஒருமையினும் பன்மையில் இச்சிக்கல் கடுமையாகிறது. எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கோள் படையெடுப்பு நாவலில் (1898) வேற்றுக்கோள் உயிர்கள் முதன்முதலாக வெளிப்படும் இடத்தை மொழிபெயர்ப்பவர் 'வந்தனர்' என்பதா, 'வந்தன' என்பதா? ஆங்கிலப் பன்மைச் சுட்டு இரண்டையும் தழுவும். 'வந்தன' என்றால் அவை விலங்குகள். அவற்றை அழித்தலில் வாசகர்க்கு உறுத்தல் இராது. 'வந்தனர்' என்றால் அவர்கள் ஓர் இனத்தார், நிகழ்வது போர். ஐரோப்பியர் தாஸ்மானியப் பழங்குடியினரை அழித்ததை வெல்ஸ் நாவலின் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார். பிறரை மக்களல்லர் எனக் கருதுவதன் கொடுமையே அந்நாவலின் பொருள். அந்நிலையில், மொழிபெயர்ப்பாளர் சிந்தியாது இடும் அன ஈறு நாவலின் கேள்வியைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடும்.

பாலிலும் இத்தகைய இடர் உண்டு. அர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய நாவலொன்றில் நிலையான ஆண், பெண் வேறுபாடற்ற மக்கள் இடம்பெறுகின்றனர். அவர்களை ஆண்பாற் சுட்டால் குறித்தமை குறித்து ஆங்கில வாசகரிடையே எதிர்ப்பெழுந்தது. தமிழில் 'அவர்' என்னும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது பாலை மறைக்கும்போதே மரியாதையைச் சேர்க்கிறது. நெருங்கிய நட்பைச் சொல்லும் இடங்களில் அம்மரியாதை இடைவெளியாகிவிடும்.

6. அஃறிணை இழிவன்று

திணை உயர்த்துதலே தீர்வு எனக் கொள்ளுதல் பொருந்தாது. 'குழந்தை சிரித்தது' என்பதில் இழிவில்லை. பேச்சுத் தமிழில் 'பாப்பா வந்துச்சு', 'அந்தப் பொண்ணு சொல்லுச்சு' என்பவை நெருக்கத்தையும் பரிவையும் காட்டுவன. ஆகவே எந்திரத்தை 'அது' எனச் சுட்டுபவர் அதனைத் தாழ்த்துகிறாரா, குழந்தையாக்கிக் கொஞ்சுகிறாரா என்பதைச் சூழலே தெளிவாக்கும். எழுத்துத் தமிழின் 'வந்தது' அச்சூழலைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. பேசும்போது நம்பும்படியாக இருந்த ஒரு பாத்திரம் அச்சில் விறைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

மூலம் திறந்து வைத்த வினாவைத் தமிழிலும் திறந்தே வைக்க வழிகள் இல்லாமலில்லை. உறுப்பையோ ஒலியையோ எழுவாயாக்குதல் அவற்றுள் சிறந்தது. 'கை நீண்டது', 'கண்கள் திறந்தன', 'குரல் கேட்டது' எனும்போது அவை யாருடையவாயினும், எதனுடையவாயினும் முடிபு ஒன்றே. ஒடியன் வரும் இருளையும் 'மூச்சு அருகில் கேட்டது. இலைகள் மிதிபட்டன' எனத் தமிழில் கெடாமல் காக்கலாம். வினையெச்சங்களை அடுக்கி முற்றைத் தள்ளிவைத்தலும் பயன்தரும். இவ்வாறு காத்து வைத்த பின் வரும் முதல் 'வந்தான்', வாசகர்க்கு ஒரு நிகழ்ச்சியாகவே அமையும். மலையாள வாக்கியத்தால் இயலாத வலிமை அது.

இரண்டாவது, ஒருமைப்பாடு கருதி எல்லா ஈறுகளையும் ஒன்றாக்கும் பதிப்புத் திருத்தம் இவ்வகைக் கதைகளில் கேடு செய்யும். படைத்த அறிவியலார் 'அது' எனவும், அதனுடன் விளையாடும் சிறுமி 'அவன்' எனவும் கூறுவதைப் பிழையெனக் கருதித் திருத்தினால், கதையில் நிகழும் வழக்கே அழிந்துவிடும்.

8. முடிவுரை

தமிழ் வாசகர் அறிவியல் புனைகதையை ஏற்கத் தயங்குவதை அறியாமை என்றும் பழமைப்பற்று என்றும் முடிவுகட்டுதல் எளிது. ஆனால் அவரது மொழி ஒவ்வொரு முற்றிலும் 'இது ஆளா, பொருளா' என்று அவரைக் கேட்கிறது. எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் அக்கேள்வியைக் கேளாதவர்போல் எழுதினால், தயங்குவது வாசகரின் குறையன்று. அவரது மொழியறிவின் கூர்மையே அது. உரையாடும் கணிப்பொறி நிரல்கள் நாளும் வழக்கிற்கு வந்துவிட்ட இந்நாளில், அவை 'சொன்னது' என்பதா, 'சொன்னார்' என்பதா என்னும் ஐயம் புனைகதையைக் கடந்து செய்தித்தாளின் வாக்கியத்துக்குள்ளும் நுழைகிறது. இதற்கான விடையை மொழிபெயர்ப்புக் கூடத்தில் மட்டும் தேடுதல் போதாது. கொழிஞ்சாம்பாறை போன்ற இடங்களில் இரு மொழியிலும் கதை கேட்டு வளர்வோரின் பேச்சில் திணை எங்கு மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதைக் கள ஆய்வாகத் தொகுத்தல் மொழியியலார்க்கு உரிய பணியாகும்.