விருந்தினரும் உடைமையாளரும்: சோழமண்டலக் கலைஞர் கிராமம் குறித்து

காண்பியக் கலைஞர்கள் சிலகாலம் தங்கிப் படைப்பதற்கான திட்டங்கள் இன்று பெருகியுள்ளன. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் தோன்றிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அவற்றின் முன்னோடியாகக் கருதுவது எளிது. ஓவியரும் சிற்பியரும் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தனர் என்ற ஒற்றுமை கண்முன் நிற்கிறது. ஆயினும் இவ்வொப்பீடு முதன்மையான ஒன்றை மறைக்கிறது.

தங்கிப் படைக்கும் திட்டம் அடிப்படையில் விருந்தோம்பல். அழைப்போர் உண்டு, தேர்வுக்குழு உண்டு, காலவரையறை முடிந்ததும் கலைஞர் விடைபெற வேண்டும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1907இல் தொடங்கப்பெற்ற மெக்டவல் குடியிருப்பில், நண்பகல் உணவைக் கூடையில் கொணர்ந்து பணிக்கூட வாயிலில் வைத்துச் செல்வது புகழ்பெற்ற வழக்கம். கலைஞரின் தடையற்ற நேரம் பிறர் உழைப்பால் வாய்ப்பது என்பதற்கு அக்கூடையே போதிய சான்று.

சோழமண்டலத்தில் அந்நேரத்தைக் கலைஞர்களே ஈட்ட வேண்டியிருந்தது. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாய்கொண்டு நிலம் வாங்கினர். கிராமத்தை நிருவகித்த அமைப்பின் பெயரும் கலைஞர் கைவினைச் சங்கம் என்பதே. எனவே இவர்கள் விருந்தினர் அல்லர், உடைமையாளர்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையை விரிவாகப் பேசும் திறனாய்வு, பாத்திக்கை நிதி திரட்டிய வழி என்ற அளவில் ஒற்றை வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. (இக்கட்டுரையாளரின் தொடக்கக் குறிப்புகளும் அவ்வாறே கடந்தன.) பிழைப்புக்குக் கைவினை, மெய்யான படைப்பு ஓவியம் என்னும் பிரிவினை இங்குக் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. பி.வி. ஜானகிராமின் செப்புத்தகட்டுச் சிற்பங்கள் அதற்கு இடம்தருவதில்லை. தகட்டை அடித்து உருவாக்கலும் கம்பி அணிவேலைப்பாடும் அவற்றில் புறஒப்பனையாக நில்லாமல் உருவத்தின் கட்டமைப்பாகவே அமைகின்றன. மேலும், பணிக்கர் முதல்வராக விளங்கிய சென்னைக் கலைக்கல்லூரியே 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய தொழிற்கலைப் பள்ளியின் வழிவந்தது. கைவினை இவர்களுக்கு வெளியிலிருந்து வந்த இடர்ப்பாடு அன்று.

உடைமைக்கு ஒரு விலையும் உண்டு. விருந்தினர் விடைபெறும் அமைப்பு ஆண்டுதோறும் புதியோருக்கு இடம்விடும். சொந்த வீடுகளால் ஆன ஊர் தன் உறுப்பினரோடு சேர்ந்து மூப்படையும். சோழமண்டலத்தைப் புகழ்வோர் இதனை எதிர்கொள்ள வேண்டும். ஆனால் அவ்விவாதத்திற்கு முன்னர், விற்பனைக்குச் சென்ற அத்துணிகளில் எவை எந்த இல்லங்களில் எஞ்சியுள்ளன, அவற்றின் கோடும் வண்ணமும் அதே கைகள் தீட்டிய ஓவியங்களோடு எவ்வாறு உறவுகொள்கின்றன என்பவற்றை நேரில் கண்டு பதிவுசெய்யும் பணி உள்ளது.