மலையில்லா ஊரில் மலை

“நம் கடற்கரையை வரைந்து வாருங்கள்” என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்து தந்த தாள்களை மாலையில் புரட்டினேன். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே பாதி ஞாயிறு, ஒரு தென்னை, ஒரு படகு, மூன்று பறவைகள். அடுத்த தாளிலும் மலை! அதற்கடுத்த தாளிலும் மலை!

காரைக்காலில் மலை ஏது? அரசலாறு கடலோடு கலக்கும் இச்சமவெளியில் எத்திசை நோக்கினும் கண்ணை மறிக்க ஒரு குன்றேனும் உண்டா? கண்டதை வரையவில்லை அப்பிள்ளைகள். முன்னவர் வரைந்ததை வரைந்தனர். மரபு மலையைக் கொடுத்தது. கண் கைகட்டி நின்றது. அவர்களை எப்படிக் கடிவேன்? அதே மலையை வரைந்து ஆசிரியரிடம் “நன்று” வாங்கியவன்தானே நானும்!

மறுநாள் ஓர் ஓவியத்தின் அச்சுப்படத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1885ஆம் ஆண்டையொட்டித் தீட்டியது. ‘லெஸ்தாக்கிலிருந்து காணும் மார்சேய் வளைகுடா’ என்பது பெயர். மூலம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அகலம் ஒரு மீட்டர், உயரம் 73 சென்டிமீட்டர். மத்தியதரைக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றை மேட்டில் நின்று நோக்கிய காட்சி. கீழே மஞ்சள் சுவர்களும் சிவந்த ஓட்டுக் கூரைகளும். அப்பால் விரிந்து கிடக்கும் நீலம். அதற்கும் அப்பால் மலைத்தொடர். மேலே ஒடுங்கிய வானம். அங்கே மலை இருந்தது, வரைந்தார். வேறு காரணம் இல்லை.

இதில் என்ன புதுமை என்பீர்கள். கடவுளர் இல்லை, காவலர் இல்லை, போர்க்களம் இல்லை, புராணம் இல்லை. அத்தகைய படங்களுக்கே பரிசளித்த பாரிசு நகரத்து அரசுக் கண்காட்சி, இவரைப் போன்றோரைப் பலமுறை வாயிலிலேயே திருப்பியனுப்பியது. 1874இல் மோனே, பிசாரோ, செசான் முதலியோர் தாமே தனிக் கண்காட்சி நடத்தினர். மோனேயின் படப்பெயரைப் பிடித்துக்கொண்டு ஓர் இதழாளர் ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று எள்ளினார். மனத்தில் பதிந்ததைக் கிறுக்குவோர் என்பது அவர் நினைத்த பொருள். எள்ளல் பெயரையே ஏந்தி நடந்தது அந்தக் கூட்டம்.

அவர்களுக்குத் துணை நின்றது அறிவியல். பக்கத்து வண்ணம் ஒரு வண்ணத்தை மாற்றிக் காட்டும் முறையை 1839இல் வேதியியலார் செவ்ரல் விளக்கியிருந்தார். 1841இல் வந்த தகரக் குழாய் வண்ணத்தை உலராமல் காத்தது. ஓவியர் அறையை விட்டு வெளியே வந்தனர். வெயிலில் நின்று பார்த்தபின் அல்லவா தெரிந்தது, நிழல் கறுப்பன்று என்று! லெஸ்தாக்கின் கடும் வெயிலில் பொருள்களின் உருவம் நீலமாகவும் சிவப்பாகவும் ஊதாவாகவும் தெரிவதை 1876இல் செசான் பிசாரோவுக்கு எழுதினார். அக்காட்சி சீட்டுக்கட்டின் சீட்டைப் போன்றது என்றும், ஒலிவமும் பைனும் இலையுதிர்க்காதவை ஆதலால் மாதக்கணக்கில் அமர்ந்து தீட்டலாம் என்றும் குறித்தார். மோனே நொடிக்கு நொடி மாறும் ஒளியைத் துரத்தினார். இவரோ மாறாத கட்டமைப்பைத் தேடினார். கடல் இவர் படத்தில் அலையடிக்கவில்லை, சுவர்போல் நிற்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

எங்கள் கோவில்பத்தோ, கதிரவனே வந்து பூசை செய்ததாகத் தலபுராணம் பேசும் ஊர். அந்தக் கதிரவன் ஒரு சுவரின்மேல் எந்த நிறத்தில் விழுகிறான் என்று பார்க்கத்தான் எவரும் கற்றுத் தரவில்லை.

படத்தின் கூரைகளுக்கிடையே ஒரு புகைபோக்கி நிமிர்ந்து நிற்கிறது. லெஸ்தாக் வட்டாரம் களிமண் ஓட்டுச் சூளைகளுக்குப் பேர்பெற்றது. மார்சேய் ஓடு கடல்கடந்து விற்ற சரக்கு. அழகைக் கெடுக்கும் என்று செசான் அந்தப் புகையை அழித்துவிடவில்லை. நேர்மை அது. ஆனால் சூளையில் வெந்தவன் எங்கே? கூரை உண்டு, கூரைக்கு மண் பிசைந்தவன் இல்லை. கடல் உண்டு, வலை இழுத்தவன் இல்லை. ஆளில்லா ஊர்! 1902இல் அதே கரையில் மின்விளக்கு வந்ததைப் பழித்தும் எழுதினார் இந்தப் பெரியவர். இருட்டில் படியிறங்கும் உழைப்பாளிக்கு அந்த விளக்கு என்ன என்பதை அவர் எண்ணவில்லை. கலையில் புரட்சி, வாழ்வில் முணுமுணுப்பு!

அவர் அந்த நீலத்தைத் தீட்டிய காலத்தில் எங்கள் கரையில் என்ன நடந்தது? காரைக்கால் அன்று பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. 1853 முதல் 1880களின் இறுதி வரை, காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் கரீபியக் கடலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றன. குவாதலூப் தீவுக்கு மட்டும் இந்தியாவிலிருந்து 40,000க்கு மேற்பட்டோர் போயினர். அந்தக் கப்பலுக்காகக் கரையில் காத்திருந்தவர்களின் நிழல் என்ன நிறம்? அதைத் தீட்டிய படம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அச்சுப்படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பிள்ளைகளை வெயிலுக்கு அழைத்துச் சென்றேன். மணலில் கிடந்த வலையின் நிழலைக் காட்டி, “என்ன நிறம்?” என்றேன். “கறுப்பு, ஐயா” என்றனர் ஒரே குரலில். “நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.” நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு மீனவர் வீட்டுப் பெண் மெல்லச் சொன்னாள்: “கத்தரிப்பூ நிறம், ஐயா.”

அன்று அவள் வரைந்த தாளில் மலை இல்லை. வலையைத் தோளில் சுமந்து நடக்கும் ஓர் ஆள் இருந்தார். கால்கள் சற்றே கோணலாக இருந்தன.