இடுப்பில் இருக்கிறது வேகம்

2025 மே 27ஆம் திகதி, தென் கொரியாவின் குமி நகரில் ஆசிய மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் ஆரம்பமானது. முதல் நாளிலேயே ஆண்களுக்கான 20 கிலோமீற்றர் வேகநடை இருந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த செர்வின் செபாஸ்டியன் 1 மணி 21 நிமிடம் 13.60 விநாடியில் மூன்றாவதாக வந்தார். சீனாவின் வாங் சாவ்சாவ் 1:20:36.90இல் தங்கமும், யப்பானின் கென்டோ யொஷிகாவா 1:20:44.90இல் வெள்ளியும் வென்றனர். அந்தச் சம்பியன்ஷிப்பில் இந்தியாவின் பதக்கக் கணக்கைத் தொடக்கி வைத்தது செர்வினின் வெண்கலம்தான்.

மறுநாள் நாளிதழ்களில் அது நாலு வரிச் செய்தி. நூறு மீற்றர் ஓட்டத்துக்கோ ஈட்டி எறிதலுக்கோ கிடைக்கும் இடம் வேகநடைக்குக் கிடைப்பதில்லை. இடுப்பை நெளித்துக்கொண்டு நடப்பவர்களை முதல் தடவை தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். கொஞ்சம் பொறுத்து, கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

செர்வின் ஒவ்வொரு கிலோமீற்றரையும் சராசரியாக 4 நிமிடம் 4 விநாடியில் கடந்திருக்கிறார். சாதாரணமாக நடக்கும் ஒருவருக்கு அதே தூரத்துக்குப் பதினொரு, பன்னிரண்டு நிமிடம் வேண்டும். சோளகக் காற்று முகத்தில் அறையப் பொன்னாலைப் பாலத்தால் சைக்கிள் மிதித்துக் காரைநகருக்கு வருகிறவரை இந்த மனிதர் நடந்தே முந்திவிட்டுப் போயிருப்பார். அதுவும் ஒரு கிலோமீற்றருக்கு அல்ல, இருபதுக்கு.

ஓடினால் இந்த வேகம் பெரிய விசயமில்லை. ஓடக்கூடாது என்பதில்தான் கலை பிறக்கிறது.

வேகநடையின் விதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, ஏதாவது ஒரு பாதம் எப்போதும் நிலத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் எழும்புவது கண்ணுக்குத் தெரியக்கூடாது. மற்றது, முன்னே வைக்கும் கால் நிலத்தைத் தொட்ட கணத்திலிருந்து உடம்பு அதற்கு நேர்மேலே வரும்வரை முழங்கால் மடியக்கூடாது. வேகத்துக்காக மனித உடம்பு இயல்பாகத் தேடிப் போகும் இரண்டு வழிகள் துள்ளலும் முழங்கால் மடிப்பும். விதி இரண்டையும் அடைத்துவிடுகிறது. எஞ்சியிருப்பது இடுப்பு.

நல்ல நடையாளரைப் பார்க்கும்போது பாதத்தில் கண்ணை வைப்பது புதியவரின் பழக்கம். தேர்ந்த ரசிகர் இடுப்பைப் பார்ப்பார். முன்செல்லும் காலோடு சேர்ந்து அந்தப் பக்க இடுப்பு எலும்பும் முன்னே சுழல்கிறது. அதனால் கால் நீளாமலே அடி நீளுகிறது. அதே நேரத்தில் பாரம் தாங்காத பக்கம் சற்றே இறங்குகிறது. அதனால் முழங்காலை மடிக்காமலே உடம்பு மேலும் கீழும் குலுங்காமல் போகிறது. இடுப்பு ஒருபுறம் திரும்ப, தோள்கள் மறுபுறம் திரும்பிச் சமன் செய்கின்றன. முழங்கையைச் செங்கோணமாக மடித்து, கையைத் தாழ்த்தி இடுப்பை உரசுவதுபோல் வீசுகிறார்கள். பாதங்கள் இரண்டு தடத்தில் விழுவதில்லை. நிலத்தில் ஒற்றைக் கோடு கிழித்து, அதன்மேலே வைத்தாற்போல ஒன்றின் முன் ஒன்றாக விழுகின்றன. குதிக்கால் முதலில் படும், பெருவிரல் கடைசியில் விடும்.

இவ்வளவும் நிமிடத்துக்கு இருநூறு அடி என்ற அளவில் நடக்கிறது. ஓர் அடிக்கு ஏறத்தாழ 1.2 மீற்றர். இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும் மனிதரின் தலை மட்டும் நூல் பிடித்தாற்போல ஒரே மட்டத்தில் நகர்கிறது. ரசிகர்கள் முதலில் தேடும் அடையாளம் அதுதான். தலை துள்ளத் தொடங்கினால் பாதமும் துள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்தப் போட்டியின் இன்னொரு சுவை நடுவர்களிடம் இருக்கிறது. உயரம் பாய்தலோடு ஒப்பிட்டால் அது விளங்கும். யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை கண்ட முதல் தங்கம் அது. உயரம் பாய்தலில் குறுக்குத் தடி விழும் அல்லது நிற்கும்; வாதத்துக்கு இடமில்லை. வேகநடையில் அப்படியொரு தடி கிடையாது. வீதியோரத்தில் நிற்கும் நடுவர்களின் கண்தான் தடி. தலைமை நடுவரோடு ஆறு முதல் ஒன்பது பேர் இருப்பார்கள். கையில் கருவி எதுவும் இல்லை, காணொளியை மீட்டிப் பார்ப்பதும் இல்லை. ஒருவர் தீர்ப்பை மற்றவரிடம் கேட்பதும் இல்லை.

சந்தேகம் வந்தால் நடுவர் மஞ்சள் தட்டைக் காட்டி எச்சரிக்கிறார். அதில் அலைக்கோடு இருந்தால் நிலத்தொடர்பு அறும் நிலை. மடிந்த கோணம் இருந்தால் முழங்கால். பிழை தெளிவாகத் தெரிந்தால் சிவப்பு அட்டை எழுதப்படுகிறது. வெவ்வேறு நடுவர்கள் மூவரின் சிவப்பு சேர்ந்தால், 20 கிலோமீற்றரில் நடையாளர் தண்டனை வலயத்துக்குள் போய் இரண்டு நிமிடம் கழிக்க வேண்டும். நான்காவது சிவப்போடு போட்டி முடிந்தது. யாருக்கு எத்தனை சிவப்பு என்று வீதியோரப் பலகையில் போடுவார்கள். நடப்பவர்களும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பலகையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். இரண்டு சிவப்போடு முன்னணியில் இருப்பவர் வேகத்தைக் கூட்டுவாரா, அடக்குவாரா? நல்ல போட்டியின் கடைசி ஐந்து கிலோமீற்றர் முழுவதும் இந்தக் கேள்விதான்.

வேகக் கமராவில் பதிந்து பார்த்தால் உலகத் தரத்தில் நடப்பவர்களில் பெரும்பாலானோரின் இரு பாதங்களும் மிகச் சிறு கணம் நிலத்தை விட்டு எழும்புவது தெரியும். விநாடியில் நூறில் நான்கு பங்கு அளவுக்குள் அது நிகழ்ந்தால் மனிதக் கண் பிடிப்பது அரிது. விதியும் கண்ணுக்குத் தெரிவதையே பிழை என்கிறது. குறை சொல்பவர்கள் இதைக் கபடம் என்பார்கள். மனிதக் கண் எவ்வளவு பொறுக்கும் என்பதை உடம்பாலேயே அளந்து, அந்த எல்லையின் விளிம்பில் எண்பது நிமிடம் தவறாமல் போகிற நுட்பமாக அதைப் பார்ப்பவருக்கே இந்தப் போட்டி தன் அழகைக் காட்டும்.

விளிம்பில் நடப்பவர்கள் விழுவதும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 20 கிலோமீற்றரை முதலாவதாக முடித்த மெக்சிகோவின் பெர்னார்டோ செகுரா, தன் நாட்டு ஜனாதிபதியின் வாழ்த்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த வேளையில் தலைமை நடுவர் வந்து தகுதி நீக்கத்தை அறிவித்தார். தங்கம் போலந்தின் ரொபர்ட் கோர்செனியோவ்ஸ்கிக்குப் போனது. அவரும் இந்தக் கசப்பைக் குடித்தவர்தான். 1992 பார்சலோனாவில் 50 கிலோமீற்றரில் இரண்டாவதாக விளையாட்டரங்குக்குள் நுழையும் இடத்தில் நீக்கப்பட்டார். பிறகு நடையைத் திருத்தி, 1996 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் தங்கம் எடுத்தார்.

மெக்சிகோவுக்கு இந்தக் கலையைக் கொண்டு போனவரும் ஒரு போலந்துக்காரர். 1960களில் அங்கே போய்ச் சேர்ந்த பயிற்றுநர் ஜேர்சி ஹவுஸ்லெபர் உருவாக்கிய பரம்பரையிலிருந்து 1968 ஒலிம்பிக்கில் ஹொசே பெட்ராசாவின் வெள்ளியும், 1976இல் டானியல் பவுடிஸ்டாவின் தங்கமும், 1984இல் எர்னெஸ்டோ கான்டோ, ராவுல் கொன்சாலெஸ் இருவரின் தங்கங்களும் வந்தன. ஓட்டத்தில் பெயர் எடுக்காத நாடுகள் நடையில் எடுத்த பெயர் பெரிது. ஈக்குவடோரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 1996இல் ஜெபர்சன் பெரேஸ் நடந்து எடுத்தது. குவாத்தமாலாவின் முதலாவது 2012 லண்டனில் எரிக் பரோண்டோ நடந்து எடுத்தது.

அதே லண்டன் போட்டியில் கேரளத்தின் கே.டி. இர்பான் 1:20:21இல் பத்தாவதாக வந்து இந்தியச் சாதனை படைத்தார். அதற்கு முன்பே இந்தியாவுக்கு நடையில் ஆசியப் பெருமை உண்டு: 1978 பாங்கொக்கில் ஹக்கம் சிங், 1982 டில்லியில் சாந்த் ராம், இருவரும் 20 கிலோமீற்றரில் தங்கம். 2016இல் யப்பானின் நோமியில் நடந்த ஆசிய நடைப் போட்டியில் குர்மீத் சிங் முதலாவதானார்.

ஈழத்து வடபுலத்துக்கும் இந்தக் கலை அந்நியமில்லை. 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் முல்லைத்தீவைச் சேர்ந்த, எழுபது வயதைத் தாண்டிய அகிலத்திருநாயகி, 5000 மீற்றர் வேகநடையிலும் 1500 மீற்றர் ஓட்டத்திலும் தங்கம் வென்று திரும்பினார். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை பாதயாத்திரை போகும் வழக்கமுள்ள மண் இது. நடப்பதற்கு இங்கே ஆளுக்குக் குறைவில்லை. நடையைப் போட்டியாகப் பார்க்கும் கண் இன்னும் பரவவில்லை, அவ்வளவுதான். காரைநகரில் மேடு பள்ளம் இல்லாத வீதிக்கும் பஞ்சமில்லை. வேகநடைக்கு வேண்டியதும் பெரிய மைதானம் அல்ல, ஒன்று முதல் இரண்டு கிலோமீற்றர் சுற்றுள்ள மட்டமான வீதிதான்.

குமிக்கு வருவோம். அதற்கு முன் செர்வினின் சிறந்த நேரம் 1:21:23; அதே ஆண்டு உத்தராகண்டில் நடந்த தேசிய விளையாட்டு விழாவில் எடுத்தது. குமியில் அவர் குறைத்தது பத்து விநாடிக்கும் உட்பட்ட நேரம். இருபது கிலோமீற்றருக்குப் பங்கிட்டால் கிலோமீற்றருக்கு அரை விநாடி. இப்படிப்பட்ட அரை விநாடிகளுக்காகத்தான் ஆண்டுக்கணக்கில் இடுப்பையும் தோளையும் பழக்குகிறார்கள்.

அதே ஆண்டு செப்டெம்பரில் டோக்கியோ உலக சம்பியன்ஷிப்பில் நடந்தது ரசிகர்கள் நெடுங்காலம் பேசக்கூடிய போட்டி. சொந்த மண்ணில் எல்லாக் கண்ணும் தொஷிகாசு யமனிஷி மேல் இருந்தது. இருமுறை உலக சம்பியன்; அந்தப் பெப்ரவரியில்தான் கோபேயில் 1:16:10இல் உலக சாதனை படைத்திருந்தார். அவருக்கு மூன்றாவது சிவப்பு விழுந்தது. தண்டனை வலயத்தில் இரண்டு நிமிடம் போக, 28ஆம் இடத்தில் முடித்தார். பிரேசிலின் காயோ பொன்பிம் 1:18:35இல் வென்றார். இவருடைய தாய் ஜியனெட்டி சேனாவும் பிரேசிலின் நடைச் சம்பியனாக இருந்தவர், தந்தைதான் பயிற்றுநர். போட்டியின் தொடக்கத்திலேயே விரலிலிருந்து திருமண மோதிரம் கழன்று விழுந்துவிட்டதாகப் பொன்பிம் பின்னர் சொன்னார். எட்டு விநாடி பின்னால் வெள்ளி எடுத்தவர், குமியில் செர்வினை முந்திய அதே வாங் சாவ்சாவ். செர்வின் 31ஆம் இடம். ஆசிய வெண்கலத்துக்கும் உலக மேடைக்கும் உள்ள தூரம் அந்த எண்ணில் தெரிகிறது. குமியில் அவர் யாரோடு தோள் உரசி நடந்தார் என்பதும் தெரிகிறது.

உலக சம்பியன்ஷிப்பில் ஆண்களின் 20 கிலோமீற்றர் நடை டோக்கியோவோடு நிறைவுற்றது. 2026 முதல் பெரிய சர்வதேசப் போட்டிகளில் அரை மரதன், மரதன் தூரங்களே நடைக்கும் வைக்கப்பட்டிருக்கின்றன. 20க்குப் பதிலாக 21.0975 கிலோமீற்றர், செர்வினின் குமி வேகத்தில் இன்னும் நாலரை நிமிடம். நடுவரின் பார்வையில் நாலரை நிமிடம் சிறியதல்ல. தொடையின் பின்தசை களைத்து முழங்கால் மடியப் பார்ப்பதும், தோள் உயர்ந்து கை மேலே ஏறுவதும், தலை துள்ளுவதும் கடைசிக் கட்டத்தில்தான். புதிய தூரத்தில் நடக்கும் போட்டியைப் பார்க்க உட்காருகிறவர்கள், முன்னால் போகிறவரின் இடத்தை விட அவர் தோளின் உயரத்தைக் கவனித்தால், சிவப்பு அட்டை பலகையில் ஏறுவதற்கு ஒரு சுற்று முன்னரே அதைச் சொல்லிவிடலாம்.