பன்யன் கண்ட விக்கிரகங்கள்

விக்கிரக ஆராதனை என்ற அளவிலேயே கல்லும் உலோகமும் பலர் கருத்தில் தோன்றும். ஆயின் விக்கிரகங்களுக்கு விலகியிருக்குமாறு எச்சரித்து முடியும் யோவானின் முதல் நிருபம், திருச்சபைக்குள் இருந்தோர்க்கே எழுதப்பட்டது. கொலோசெயர்க்கு எழுதிய பவுலும் பொருளாசையை விக்கிரக ஆராதனையாகவே கணக்கிடுகிறார். வெளிச்சிலையை விட்டவனையும் விடாது தொடரும் இவ்வுள்விக்கிரகங்களைக் கதையாக்கிய நூல்களுள் தலையாயது ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இதன் முதற்பாகத்தைத் தழுவி எழுந்த காப்பியம் என்பதைத் தமிழுலகம் அறியும்.

பன்யன் வாழ்ந்த இங்கிலாந்தில் ஆலயச் சிலைகள் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. எனவே அவர் விக்கிரகங்களைச் சந்தையில் தேடினார். மாயாபுரிச் சந்தையில் வீடு, நிலம், பட்டம், பதவி, அரசு ஆகிய அனைத்தும் விலைக்கு வருகின்றன. அப்பட்டியலில் மனைவி, கணவன், மக்கள் என்போரும் இடம்பெறுவது நோக்கத்தக்கது. இப்பகுதியைச் செல்வர்தம் ஆடம்பரத்தை எள்ளும் அங்கதமாக மட்டும் படிப்போர் இதனைக் காணாது கடந்துவிடுகின்றனர். தீயவற்றை மட்டுமன்றி நல்லவற்றையும் மனிதன் தெய்வமாக்கிக் கொள்வான் என்பதே ஆசிரியர் கருத்து. மோசே இறைவன் கட்டளைப்படி செய்த வெண்கலச் சர்ப்பத்திற்கே பிற்காலத்தார் தூபங்காட்டினர். எசேக்கியா அரசன் அதனை உடைத்தெறிய வேண்டியதாயிற்று.

வெண்கலத்தை உடைக்கலாம், பெற்ற பிள்ளையை என் செய்வது? இங்கேதான் நூலின் முதற்பாகம் இடறுகிறது. கதையின் தொடக்கத்திலேயே கிறிஸ்தியான், மனைவியும் மக்களும் கூவி அழைக்கக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இஃது உருவகமே என்று சமாதானம் கூறுவர். இல்லறத்தை அறமெனப் போற்றிய மரபில் வந்த தமிழ் வாசகனுக்கு அச்சமாதானம் முழுநிறைவு தராது. உருவகமேயாயினும் அழுகுரல் அழுகுரல்தானே!

பன்யனின் சொந்த வாழ்வு அக்காட்சியினும் நேர்மையானது. 1660இல் அவர் பெட்போர்டு நகரில் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருப்பின் விடுதலை எளிதாகக் கிட்டியிருக்கும். அவர் இசையவில்லை, ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. வீட்டிலோ மூத்த மகள் கண்பார்வையற்றவள். 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில், குடும்பத்தைப் பிரிந்திருந்த துயரைத் தம் ஊன் பிய்க்கப்படும் வேதனைக்கு ஒப்பிடுகிறார். அக்குழந்தை படப்போகும் இன்னல்களை எண்ணி நெஞ்சுடைகிறார். பற்றற்றவன் பேச்சன்று இது. அவர் காதுகளைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. சிறையிலிருந்தவாறே காலணிக் கயிறுகள் செய்து விற்று, வீட்டாரைக் காப்பாற்ற முயன்றார். பாசத்தைத் தெய்வமாக்க மறுத்த அதே மனிதர், பாசத்தின் கடமையைக் கைவிடவில்லை. கிறிஸ்தியானிடம் இந்தக் கயிறு முறுக்கும் கைகளைக் காண முடியாமை பெருங்குறையே.

1684இல் வந்த இரண்டாம் பாகம் அக்குறையை ஓரளவு தீர்க்கிறது. விட்டுச்செல்லப்பட்ட மனைவி கிறிஸ்டியானா, நான்கு புதல்வருடன் அதே வழியில் புறப்படுகிறாள். முதற்பாகத்தின் வேகமும் திகிலும் இதில் இல்லை எனத் திறனாய்வாளர் குறைகூறுவதுண்டு. உண்மையே, வேகமாகச் செல்ல இவர்களால் இயலாது. ஒரு மகன் பகைவன் தோட்டத்துக் கனியைத் தின்று நோயுறுகிறான். மருத்துவரை அழைக்க வேண்டியிருக்கிறது. ஊன்றுகோலுடன் ஒருவர் வழியில் சேர்ந்துகொள்கிறார். நலிந்தோரின் நடைக்கேற்பப் பயணம் அமைகிறது. கலைத்திறத்தில் முதற்பாகத்திற்குத் தாழ்ந்ததேனும், மனித உறவை விக்கிரகமாக்காமலும் வீசியெறியாமலும் உடன்கொண்டு செல்லும் வகையை இப்பாகமே காட்டுகிறது. காப்பியத்தின் வழியாக மட்டும் இக்கதையை அறிந்தோர், தனித்து ஓடியவனோடு நின்றுவிடாமல், பின்னால் மெல்ல நடந்து வந்த இக்குடும்பத்தையும் தேடிப் படித்தல் வேண்டும்.