சாக்பீஸில் ஏறும் நிறங்கள்

ஒரு வெள்ளைச் சாக்பீஸ். அடியிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு. தட்டில், கோட்டை எட்டாத அளவு தண்ணீர் ஊற்றிச் சாக்பீஸை அதில் நிறுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே ஈரம் மெல்ல ஏறும். கோட்டைத் தொட்டதும் கறுப்பு தன் சாயங்களாகப் பிரியும். துளைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் சாயம் பின்தங்கும். தண்ணீரோடு இணங்குவது முந்தும். என் சாக்பீஸில் ஊதாவுக்கு மேலே நீலம் வளையமாக நின்றது.

ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட், சுண்ணப்பொடி அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை இப்படித்தான் பச்சையும் மஞ்சளுமாகப் பிரித்தார். 1906-இல் அதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். ரஷ்ய மொழியில் ‘ஸ்வெட்’ என்றால் நிறம்.

கறுப்புக்குள் ஒளிந்திருந்த அந்த நீலம் முதலில் எட்டிப்பார்க்கும் நொடிக்காகவே நான் மறுபடியும் கோடு போடுகிறேன்.